இனிப்புக்குப் பதில் வந்த மீன்கள்

சனிக்கிழமை காலை ஏழு இருபதுக்கு எங்கள் வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் இருந்த பதினேழு மீன்களும் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நேரம் துல்லியமாக நினைவிருக்கிறது. மகள் ரெபேக்கா பள்ளியின் சிறப்பு வகுப்புக்குக் கிளம்பிப் போய், அவளை ஏற்றிக்கொண்ட வண்டியின் சத்தம் தெருமுனையில் தேய்ந்ததும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் ஊசி போட்டது எப்போது, சாப்பிட்டு முடித்தது எப்போது என்று மனசுக்குள் குறித்துக்கொள்வது அந்த நாட்களில் எனக்கு மூச்சு விடுவது போல ஆகியிருந்தது. கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தபோதுதான் தொட்டியைப் பார்த்தேன்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. சோதனை எதுவும் தேவைப்படவில்லை. இருபத்தாறு வருடம் அம்மோனியாவை அளந்து சம்பளம் வாங்கியவள் நான்.

இதை இப்போது எழுதக் காரணம் தீபா. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த ஆலையின் ஆய்வகத்தில் இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண். போன வாரம் ஃபோன் செய்தாள்.

"மேடம், அவுட்லெட்ல இருந்த பழைய மீன் தொட்டி விரிசல் விட்டுச்சுன்னு புதுசு வெச்சாங்க. ஒம்பது நாள்தான் ஆகுது. டெய்லி ரெண்டு மீன் போகுது. நீங்க இருந்தப்பவும் இப்படி ஆச்சாமே. அப்ப என்ன பண்ணீங்க?"

என்ன செய்ய வேண்டும் என்று சொன்னேன். நாங்கள் என்ன செய்தோம் என்பதைச் சொல்லவில்லை. அவள் கேட்டது அதைத்தான்.

பால், முட்டை, இறைச்சியில் பண்டங்கள் செய்யும் ஆலை அது. கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பகுதி பின்பக்க மதிலை ஒட்டி இருந்தது. வேதியியல் பட்டத்தோடு போன எனக்கு முதல் மூன்று வருடங்களில் பாட்டில் கழுவவும், மாதிரி எடுக்கவும், மதியச் சாப்பாட்டை அந்த நாற்றத்துக்கு நடுவே சாப்பிடவும் பழகியதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் சதாசிவம் சார் என்னை ஒரு ஆளாகப் பார்க்க ஆரம்பித்தார்.

அவர் எங்கள் பிரிவின் மேலாளர். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒரு பென்சில். பதிவேட்டைக் கீழிருந்து மேலாகத்தான் படிப்பார். "மேலேருந்து படிச்சா கதை மாதிரி ஓடிடும்மா. கீழேருந்து படிச்சாத்தான் எங்க இடறுதுன்னு தெரியும்" என்பார். எண்கள் அழகாக இருந்தால் அவருக்குப் பிடிக்காது. தொடர்ந்து நாலு நாள் ஏறக்குறைய ஒரே அளவை எழுதியிருந்தால் பென்சிலால் அதன்மேல் ஒரு சின்ன வட்டம் போட்டுவிட்டுப் போய்விடுவார். ஏன் என்று சொல்லமாட்டார். வட்டம் விழுந்த அன்று மாதிரியை மறுபடி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

அம்மோனியா சோதனையை அவர் செய்வதைப் பார்க்க வேண்டும். உயரமான கண்ணாடிக் குழாயில் ஐம்பது மில்லி தண்ணீர். அதில் பாதரசம் கலந்த கரைசலைச் சேர்த்துப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடமும் அவர் பேசமாட்டார், யாரையும் பேசவும் விடமாட்டார். பிறகு குழாயை ஒரு வெள்ளை ஓட்டின்மேல் நிறுத்தி, மேலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். வெளிர் மஞ்சள் என்றால் நல்ல தண்ணீர். மஞ்சள் முற்றி ஆரஞ்சாகி, செங்கல் நிறத்துக்குப் போனால் உயிர்கள் தாங்காது.

ஒருமுறை ஆலையில் புதிதாகக் காற்றூட்டும் தொட்டி ஒன்று கட்டினார்கள். உற்பத்திப் பிரிவு மேலாளர் அன்றே மொத்தக் கழிவையும் அதில் விடச் சொன்னார். சதாசிவம் சார் மறுத்துவிட்டார். "சார், வீடு கட்டியாச்சு. உள்ளே ஆள் இன்னும் குடிவரல" என்றார். அம்மோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்களைத்தான் ஆள் என்றார். அவை தானாக வந்து பெருக வாரக்கணக்கில் ஆகும். அதனால் பழைய தொட்டியின் சேற்றை டிரம் டிரம்மாகக் கொண்டுவந்து இதில் ஊற்றினோம். கழிவை முதல் வாரம் ஒரு பங்கு, அடுத்த வாரம் இரண்டு பங்கு என்று மெல்ல ஏற்றினோம். உற்பத்தி மேலாளர் தினமும் வந்து, "குடிவந்துட்டாங்களா, பால் காய்ச்சியாச்சா?" என்று நக்கலடிப்பார். சார் சிரிக்காமல், "இன்னும் சாமான் இறக்கறாங்க சார்" என்பார்.

இவ்வளவும் தெரிந்த மனிதரும், அவரிடம் கற்ற நானும்தான் அந்தக் காரியத்தைச் செய்தோம்.

சுத்திகரித்த தண்ணீர் ஆலையைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒரு மீன் தொட்டி வைத்திருப்போம். வெளியே போகிற தண்ணீரின் ஒரு பங்கு அதன் வழியாகப் போகும். மீன் உயிரோடு இருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று சோதனைக்கு வரும் அதிகாரிகள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். பல ஆலைகளில் இந்த வழக்கம் உண்டு. எங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் சதாசிவம் சாரே எழுதி மாட்டிய தகரப் பலகை ஒன்று இருந்தது: "மீன் செத்தால் முதலில் வால்வை மூடு. பிறகு ஃபோன் செய்." லேப் இல்லாத நேரத்தில் ஆலைக்கு அதுதான் காவல்.

நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து வருடம் முன்பு, பாசி படிந்த பழைய சிமெண்ட் தொட்டியை எடுத்துவிட்டுப் பளபளப்பான கண்ணாடித் தொட்டி வைத்தார்கள். பார்க்க வருகிறவர்களுக்கு அழகாகத் தெரிய வேண்டுமாம். இருபது மீன் விட்டார்கள். ஐந்தாம் நாளிலிருந்து சாகத் தொடங்கின. நான் இரண்டு குழாய்களில் சோதித்தேன். வெளியேறும் தண்ணீர் வெளிர் மஞ்சள். தொட்டித் தண்ணீர் செங்கல் நிறம். அதாவது ஆலையின் தண்ணீரில் குற்றமில்லை. சுத்தம் செய்கிறவர்கள் தினமும் தொட்டியைத் தேய்த்துத் தேய்த்து ஒரு நுண்ணுயிரும் தங்கவிடவில்லை. கேன்டீன்காரர்கள் மிச்ச இட்லியைப் போட்டார்கள். காவலாளி பொரி போட்டார். அழுகியதெல்லாம் அம்மோனியாவாக மாறியது. அதைத் தின்ன உள்ளே ஆளில்லை. உள்ளே வரும் தண்ணீரின் பங்கோ அதை அடித்துப்போகப் போதவில்லை.

சதாசிவம் சார் இரண்டு குழாய்களையும் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். "மூணு, நாலு வாரம் மீன் இல்லாம வெக்கணும்" என்று அவரே சொன்னார். அதிகாரிகள் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. புதன் மாலை தொட்டிக்கு முன்னால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"தொட்டி காலியா இருந்தா நூறு கேள்வி வரும், ஸ்டெல்லா. ரெண்டு மூணு மந்தமா தெரியுது. காலையில அப்படித் தெரியக்கூடாது."

அவ்வளவுதான். மாற்றி வை என்று அவர் சொல்லவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னது நான். ஷிஃப்ட் ஆபரேட்டர் ஏழுமலையிடம், செத்ததை எடுத்துவிட்டுப் புதியதை விடச் சொன்னேன்.

ஏழுமலை சிரித்தார். "இன்னா மேடம், கொயந்தைக்கு பொம்ம மாத்தி வெக்கிற மாறி சொல்றீங்க? அப்ப அந்த போர்டு இன்னாத்துக்கு மாட்டிகீது?"

"இது தொட்டிப் பிரச்சினை, ஏழுமலை. தண்ணிப் பிரச்சினை இல்ல. இந்த ஒரு வாட்டி."

அந்த ஒரு வாட்டி வழக்கமானது. கழிவுநீர்த் தொட்டிக்குக் காற்றடிக்கும் புளோயர் அறைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் ஏழுமலை உபரி மீன்கள் வளர்க்கத் தொடங்கினார். காலையில் நான் வருவதற்குள் மாற்றியிருப்பார். நான் பதிவேட்டில் "மீன்கள் நலம்" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். தினமும் ஒரே இரண்டு வார்த்தைகள். அந்தப் பத்தியில் சாரின் பென்சில் ஒருமுறையும் வட்டம் போடவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை மாலை புளோயரின் பெல்ட் அறுந்தது. மாற்று புளோயர் ஓடுவதாக விளக்கு எரிந்தது, ஆனால் அது ஓடவில்லை. காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் மடிய, சுத்தமாகாத தண்ணீர் வெளியேறியது. ஞாயிற்றுக்கிழமை லேப் கிடையாது. காலையில் ஆறு மீன்கள் ஒன்றாகச் செத்துக் கிடந்தன. பழைய வழக்கமாக இருந்தால் ஏழுமலை அந்த நிமிடமே வால்வை மூடியிருப்பார். அவர் டிரம்மிலிருந்து ஆறு மீன்களை எடுத்து விட்டார். மதியம் அவையும் செத்தன. மறுபடி மாற்றினார். நாங்கள் அவரை அப்படிப் பழக்கியிருந்தோம்.

திங்கள்கிழமை காலை என் குழாய் செங்கல் நிறத்துக்குப் போனபோது, ஒரு முழு நாளுக்கும் மேல் அந்தத் தண்ணீர் வெளியே போயிருந்தது. வாய்க்கால் ஏரியில் சேரும் இடத்தில் கெண்டைகள் வயிற்றைக் காட்டி மிதந்தன. கரையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே போய்ப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம் என்று பல நாள் நினைத்திருக்கிறேன்.

விசாரணையில், ஆபரேட்டர் கவனிக்கவில்லை என்று எழுதினார்கள். ஏழுமலை என் பெயரை எடுக்கவில்லை. வெளியே வந்ததும் கோபமே இல்லாத குரலில் கேட்டார். "ரிஜிஸ்டர்ல 'நலம்'னு கீதே மேடம், அது யார் கையெயுத்து?"

மெமோ அவருக்குப் போனது. மூன்று மாதத்தில் வேலையைவிட்டே போய்விட்டார். போகும்போது டிரம்மில் மிச்சமிருந்த மீன்களை ஒரு வாளியில் எடுத்துக்கொண்டு போனார் என்று காவலாளி சொன்னார். அந்த வருடக் கடைசியில் சதாசிவம் சாரும் ஓய்வு பெற்றார். பிரிவு உபசார நாளில் என்னிடம், "ரிஜிஸ்டரை ரொம்ப நீட்டா வெச்சிருந்தீங்க, ஸ்டெல்லா" என்றார். நீட்டாக இருந்தால் பிடிக்காத மனிதர். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ரெபேக்காவுக்குப் பதினான்கு வயதில் முதல் வகை நீரிழிவு என்று தெரிந்தது. தாகம், மெலிவு என்று தொடங்கி, ஒரு மதியம் பள்ளியிலேயே மயங்கி விழுந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் மூன்று நாள் இருந்தாள். இனி வாழ்நாள் முழுக்க நாளைக்கு நாலு ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, அந்த எண்ணுக்குத் தக்க மருந்து. எண் தவறினால் மருந்து தவறும். மருந்து தவறினால் என்ன ஆகும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். நான் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தேன். கணவர் அருள் அண்ணனூர் ரயில் பணிமனையில் டெக்னீசியன். இருவரில் ஒருவர் வீட்டில் இருந்தாக வேண்டும்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "வீட்டுக்குப் போனா எனக்கு ஒரு மீன் தொட்டி வேணும்மா."

இரண்டடித் தொட்டி வாங்கினோம். நாலு தங்கமீன்களுக்கு மேல் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். வீடு கட்டியாச்சு, ஆள் குடிவரவில்லை என்ற கதையையும் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நாலில் சின்னதற்குப் பட்டாணி என்று பெயர் வைத்தாள். வால் தொடங்கும் இடத்தில் அதற்கு ஒரு கருப்புப் புள்ளி.

பிறகு அவளைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உடம்பு சரியில்லாத பிள்ளையைப் பார்க்க வெறுங்கையோடு போவது நம் வழக்கம் இல்லை. ஆனால் ஸ்வீட் கூடாது, பிஸ்கட் கூடாது, ஆப்பிளையும் அளந்துதான் கொடுக்க வேண்டும். முதலில் வழி கண்டுபிடித்தது அருளின் தங்கை மேரி. தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் இரண்டு மீன்களோடு வந்து நின்றாள்.

"எதைக் கேட்டாலும் கூடாதுன்றீங்க அண்ணி. இதைக் கூடாதுன்னு டாக்டர் சொல்லலல்ல?"

செய்தி பரவியது. மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் எங்கள் அன்பியக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு கையிலும் ஒரு பை. இரண்டு வாரத்துக்குள் நாலு பதினேழானது. வந்தவர்கள் தொட்டிக்கு முன்னால் நின்று தீனியும் போட்டார்கள். பிள்ளைக்கு ஊட்ட முடியாத கைகளெல்லாம் அந்தத் தொட்டிக்குள் நீண்டன. போதும் என்று நான் ஒருநாள் சொன்னதற்கு மேரி, "புள்ளைக்குத்தான் கிராம் கணக்கு. இதுங்களுக்குமா? விடுங்க அண்ணி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ரெபேக்காவும் சிரித்தாள். அவள் சிரித்ததால் நான் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை தண்ணீர் பால் கலந்தது போல வெளுத்தது. அருள் பில்டரின் பஞ்சைக் கழற்றிக் குழாயடிக்குக் கொண்டுபோய் பிரஷ் போட்டுத் தேய்த்தார். "புதுசு மாதிரி ஆக்கிட்டேன் பாரு" என்று காட்டினார். அந்தப் பஞ்சில்தான் ஆட்கள் குடிவர ஆரம்பித்திருந்தார்கள். குழாய்த் தண்ணீரின் குளோரின் அவர்களைக் கொன்றிருக்கும். அந்தச் சமயம் நான் சமையலறையில் ரெபேக்காவின் சோற்றைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தேன். பஞ்சை நிமிர்ந்து பார்த்து, "சரிங்க" என்றேன். ஆலையில் ஒருவர் அப்படிச் செய்திருந்தால் கத்தியிருப்பேன்.

மறுநாள்தான் அந்தச் சனிக்கிழமை.

முதலில் செய்ய வேண்டியதைச் செய்தேன். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்தேன். குளோரின் போகட்டும் என்று மாடியில் முந்தைய நாளிலிருந்து திறந்த வாளிகளில் வைத்திருந்த தண்ணீரை ஊற்றினேன். காற்றுக்குழாயைக் கூட்டினேன். இருந்தும் எட்டரைக்குள் மூன்று போய்விட்டன. மூன்றாவது பட்டாணி.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் அழவில்லை. அவள் மதியம் வந்து பார்ப்பாள், மனசு உடையும், சர்க்கரை ஏறும் என்று கணக்குப் போட்டேன். ஃபோனில் பட்டாணியின் படம் இருந்தது. முகப்பேரில் மீன் விற்கும் கடைக்குப் போனேன்.

"இன்னாக்கா, போட்டோல்லாம் எட்த்துகினு வந்துகீறீங்க. இதே மாறி வோணுமா? ஊட்ல கொயந்த அயுவுதா?"

"அவளுக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு நீங்க சொல்றீங்க" என்று கடைக்காரர் வலையால் துழாவினார். "இந்தாங்க. ஜெராக்ஸ் எட்த்த மாறி கீது."

மதியம் ரெபேக்கா பையைத் தோளிலிருந்து இறக்காமலே தொட்டிக்கு முன்னால் நின்றாள். கொஞ்ச நேரம் நின்றாள்.

"மீனெல்லாம் நல்லா இருக்காம்மா?"

"ம். நல்லா இருக்கு."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த வாரம் அவளுடைய சர்க்கரை நோட்டில் எண்கள் இறங்கின. நூற்றுப் பன்னிரண்டு, நூற்றுப் பதினெட்டு, நூற்று ஒன்பது, நூற்றுப் பதினைந்து. அருள், "கடவுள் கண்ணத் தொறந்துட்டாருடி" என்றார். நானும் நாலு நாள் நம்பினேன். நோட்டை மேலிருந்துதான் படித்தேன். ஐந்தாம் நாள் காலை, ஏனென்று தெரியவில்லை, கீழிருந்து படித்தேன். எங்கும் இடறவில்லை. பென்சில் இருந்திருந்தால் என் கை தானாக வட்டம் போட்டிருக்கும்.

அவள் குளிக்கப் போனபோது பையிலிருந்து மீட்டரை எடுத்து அதன் நினைவில் இருந்த எண்களைப் பார்த்தேன். இருநூற்று எழுபத்து நாலு. முந்நூற்று இரண்டு. அறுபத்தொன்று. நோட்டின் எண்ணை நம்பி ஒரு நேர ஊசியின் அளவை நானே குறைக்கச் சொல்லியிருந்தேன்; முந்நூற்று இரண்டு அதனால் வந்தது. அறுபத்தொன்றோ, சர்க்கரை மிகவும் இறங்கிப்போய் ஒரு மதியம் பள்ளியில் வந்திருக்கிறது. கை நடுங்கி, கண் இருட்டி, யாரிடமும் சொல்லாமல் எந்தப் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருந்தாளோ. தரையில் உட்கார்ந்து மற்ற எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். என் கையில் மீட்டரைப் பார்த்தாள்.

"ஏன் ரெபா மாத்தி எழுதின?"

துண்டை மடித்தாள். மறுபடி மடித்தாள்.

"பட்டாணிக்குப் புள்ளி இடது பக்கம்மா. இதுக்கு வலது பக்கம்."

எழுந்து போய்ப் படத்தைப் பார்த்தேன். படத்தில் பட்டாணி ஜன்னலைப் பார்த்து நின்றது. கடையிலிருந்த மீன் எதிர்ப்பக்கம் பார்த்து நின்றிருக்கிறது. நான் புள்ளியை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

"நல்லா இருக்குன்னு சொன்னல்ல?" என்றாள். "நானும் அதையேதான் எழுதினேன்."

அன்று அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. புளோயர் அறையின் டிரம்மிலிருந்து ஏரிக்கரை வரை எல்லாவற்றையும் சொன்னேன். அருளுக்குக்கூட அதுவரை நான் முழுசாகச் சொன்னதில்லை. கடைசியில் கேட்டாள்.

"அந்த ஏழுமலை அங்கிள்கிட்ட சாரி சொன்னியா?"

சொல்லவில்லை.

தொட்டி அப்போதும் மோசமாகத்தான் இருந்தது. கடையில் விற்கும் சொட்டு மருந்தால் சோதித்தால் தண்ணீர் பச்சையானது. மஞ்சளாக நின்றால்தான் நல்லது. தினமும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றி மற்ற மீன்களை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். வேண்டியது, பழைய தொட்டி ஒன்றில் ஊறிய பஞ்சு. ஐந்து வருடத்துக்கு முன் வாளியோடு போன ஒரு மனிதரின் வீட்டில் அப்படி ஒரு தொட்டி இருக்கக்கூடும். பழைய காவலாளியிடம் எண் வாங்கினேன். ஃபோனை ரெபேக்காதான் என் கையில் வைத்தாள்.

"மேடமா? இன்னா மேடம், நல்லாகீறீங்களா?" முகப்பேரில் ஒரு குடியிருப்பின் கழிவுநீர்ப் பிளாண்ட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். பஞ்சு கேட்டேன்.

"எத்தினி செத்துச்சு?"

"மூணு. ஒண்ண மாத்தி வெச்சேன்."

"திரும்பவுமா?" என்றார். பிறகு, "ஞாயித்துக்கெயம வரேன்" என்றார்.

பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்தபோது வாசலில் நின்றிருந்தார். முடி நரைத்திருந்தது. கையிலிருந்த பிளாஸ்டிக் கேனில் அவர் வீட்டுத் தொட்டியின் தண்ணீர், அதில் மிதக்கும் கருத்த பஞ்சு. அருள் அதைக் கழுவப் போனார். ஏழுமலை கேனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "ஐயோ அண்ணாத்தே, கைய வெக்காதீங்க. இந்த அயுக்குதான் சரக்கே" என்றார். பஞ்சை எங்கள் பஞ்சுக்குப் பக்கத்தில் செருகினார். மூன்று நாள் தீனி கூடாது என்றார். மேரி கொண்டுவந்த மீன்களையும் சேர்த்துப் பத்து மீன்களைத் தன் கேனுக்குள் எடுத்துக்கொண்டார்.

"எங்க ஊட்டுத் தொட்டில கீறதெல்லாம் உங்க அம்மா 'நலம்'னு எயுதின மீனுங்கதான் பாப்பா. நெசமாவே நலமா கீது. இன்னா பெருசு தெரியுமா?"

ரெபேக்கா சிரித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் டீயை அவர் முன்னால் வைத்தேன். பக்கத்துப் பேக்கரியில் வாங்கிய பஃப்ஸையும் வைத்தேன்.

"அந்த மெமோ என் பேருக்கு வந்திருக்கணும், ஏழுமலை. என்னை மன்னிச்சுடுங்க."

அவர் டீயை ஆற்றினார். "ஆமா மேடம். வந்திருக்கணும்" என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, கேனை ஆடாமல் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

தீபா, தொட்டிக்கு நான் ஃபோனில் சொன்னதுதான். மீனைக் குறை. தீனியை நிறுத்து. கண்ணாடியைத் தேய்க்க விடாதே. தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்று. ஊறிய பஞ்சு ஒன்று கிடைத்தால் கழுவாமல் போடு. எங்கள் வீட்டில் பதினோராம் நாள் சொட்டு மஞ்சளாகவே நின்றது. ஆனால் உன் பதிவேட்டில் செத்ததைச் செத்தது என்று எழுது, எத்தனை கேள்வி வந்தாலும். தகரப் பலகை கழன்றிருந்தால் மறுபடி மாட்டச் சொல்.

நான் இன்னும் சரியாகவில்லை. ரெபேக்கா குளிக்கப் போனால் என் கை அவள் பைக்குப் போகிறது. பாதியில் இழுத்துக்கொள்கிறேன். அப்படி இழுத்துக்கொள்ள முடிவது ஏழுமலை வந்துபோன மறுநாள், திங்கள்கிழமை காலையால்தான்.

அன்று அடுப்பில் இட்லி வெந்துகொண்டிருந்தது. நான் அவளைக் கூப்பிடவில்லை, நோட்டையும் கேட்கவில்லை. அறைக் கதவு திறந்தது. ஒரு கையில் மீட்டரும் ஒரு கையில் நோட்டுமாக ரெபேக்கா சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"ம்மா, இருநூத்தி அறுபத்தெட்டு" என்றாள். "நேத்து அந்த அங்கிளுக்கு வாங்கின பஃப்ஸ்ல ரெண்டு நான்தான் சாப்ட்டேன். எழுதிக்கோ."